இயற்பியல் வரையறைகளில் நிபந்தனைச் சொற்கள்: புலவியல், அணுக்கரு இயற்பியல், அண்டவியல் கலைச்சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இயற்பியல் வரையறை என்பது ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு அமைவதன்று. ஓர் அளவையும் அவ்வளவு எந்நிலையில் பொருள்படும் என்னும் நிபந்தனையையும் அது சேர்த்தே கூறுகிறது. தமிழில் கலைச்சொற்கள் பெரிதும் நிலைபெற்றுவிட்டன. நிபந்தனைகளைச் சுமக்கும் வேற்றுமை உருபுகளும் அடைகளும் அவ்வாறு நிலைபெறவில்லை. புலம், நிலையழுத்தம், அரை ஆயுட்காலம், பிணைப்பாற்றல், செம்பெயர்ச்சி, ஹபிள் மாறிலி ஆகியவற்றின் வரையறைகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. கரிமக் காலக்கணிப்பில் இச்சிக்கல் தமிழியல் ஆய்வையே நேரடியாகத் தொடுவதால் அப்பகுதி விரிவாக நோக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வரையறை, நிபந்தனை, புலம், அரை ஆயுட்காலம், கரிமக் காலக்கணிப்பு, செம்பெயர்ச்சி.

முன்னுரை

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்த முயற்சி. 1916இல் சேலத்தில் தோன்றிய சாஸ்திர பரிபாஷைச் சங்கம் முதல் இன்றைய பாடநூற் குழுக்கள் வரை, விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. ஒரு கருத்துக்கு எச்சொல் பொருந்தும் என்பதே அவ்வினா. வடசொல்லா, தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்னும் வழக்கு அதன் கிளை. சொல் முடிவானபின் அச்சொல்லுக்கு எழுதப்படும் வரையறை எத்தகையது என்னும் வினா அந்த அளவுக்கு எழவில்லை.

வரையறையின் குற்றங்களை ஆராய்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரம் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைச் சுட்டுகையில் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் மயங்க வைத்தலையும் அவற்றுள் வைக்கிறது. தருக்க நூலார் இலக்கணத்தின் குற்றங்களை அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என மூன்றாகப் பகுத்தனர். இயற்பியல் வரையறைகளைச் சோதிக்க இக்கருவிகளே போதுமானவை. வேற்று அளவுகோல் ஒன்றைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

புலம்: இடமா, அளவா?

'புலம்' என்னும் சொல் வயலையும் இடத்தையும் திசையையும் குறித்து வந்தது. புலன், புலமை, புலவர் என அறிவோடும் அதற்கு உறவு உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தன் கல்விப் பிரிவுகளையும் புலங்கள் என்றே அழைக்கிறது. இயற்பியலில் அச்சொல் ஏற்கப்பட்டபோது 'இடம்' என்னும் பொருளே முன்னின்றது. ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி அதன் விசை உணரப்படும் பகுதி மின்புலம் என்பதே பாடநூல்களிலும் வினாவிடை நூல்களிலும் வழங்கிவரும் வரையறை.

இவ்வரையறைக்குத் தமிழாக்கத்தை மட்டும் குறைகூற இயலாது. மைக்கேல் ஃபாரடே 1845இல் காந்தப்புலம் என்னும் வழக்கைக் கையாண்டார். மேக்ஸ்வெல் 1865இல் வெளியான தம் மின்காந்தப் புலக் கட்டுரையில், மின் அல்லது காந்த நிலையிலுள்ள பொருள்களைச் சூழ்ந்த வெளிப்பகுதியையே புலம் எனக் குறித்தார். இடப்பொருள் மூலத்திலேயே இருந்தது. ஆனால் இயற்பியல் அதன்பின் அப்பொருளைக் கடந்து சென்றுவிட்டது. பள்ளி வரையறை கடக்கவில்லை.

இன்றைய பொருளில் புலம் என்பது வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஒரு மதிப்பு உரியதாக அமையும் இயற்பியல் அளவு. ஓர் அறையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அது திசையற்ற எண்களால் ஆன புலம். காற்றின் திசைவேகம் ஒவ்வொரு புள்ளியிலும் அளவும் திசையும் உடையது. அது திசையன் புலம். இவற்றுள் வெப்பநிலைப் புலத்தில் விசை என்னும் பேச்சுக்கே இடமில்லை.

'பகுதி' என்னும் வரையறையைச் சோதித்தால் அதன் குறை எளிதில் வெளிப்படும். ஒத்த அளவுடைய இரு நேர்மின்னூட்டங்களை இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியில் இரண்டின் விசையும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன; அங்கு வைக்கப்படும் மின்னூட்டம் எவ்விசையையும் உணராது. அப்புள்ளி மின்புலத்தைச் சேர்ந்ததா, இல்லையா? வரையறையின்படி சேர்ந்ததன்று. இயற்பியலின்படி அங்கும் புலம் உண்டு. அதன் மதிப்பு சுழி, அவ்வளவே. இது குன்றக் கூறல். மறுபுறம், மின்னூட்டத்தின் விசை தொலைவோடு குறையுமேயன்றி ஓரிடத்தில் முற்றும் அறுந்து போவதில்லை. ஆகவே அப்'பகுதி'க்கு எல்லையே கிடையாது. எல்லையில்லாப் பகுதியைப் பகுதி என்பது மிகைபடக் கூறல்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இவ்வரையறை புலத்தை ஒரு மின்னூட்டத்தின் உடைமையாக்குகிறது. ஒளி மின்காந்தப் புலத்தின் அலை. ஞாயிற்றிலிருந்து புறப்பட்ட ஒளி புவியை அடைய எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அந்நேரத்தில் அது தன்னை உண்டாக்கிய மின்னூட்டங்களைச் சாராமல், ஆற்றலையும் உந்தத்தையும் தாங்கிச் செல்கிறது. தோற்றுவாய் அழிந்தபின்னும் புலம் வாழும்.

அளவுக்கான வரையறை மின்புலச் செறிவு என்னும் பெயரில் தனியே தரப்படுகிறது. அதிலும் ஓர் உருபுச் சிக்கல் உள்ளது. 'ஒரு புள்ளியில் வைக்கப்படும் ஓரலகு நேர்மின்னூட்டம் உணரும் விசை' என்பது வழக்கமான வாய்பாடு. ஓரலகு என்பது ஒரு கூலூம். ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலூம் மின்னூட்டங்கள் இரண்டினை வைத்தால் அவற்றிடையே விசை ஏறத்தாழ 900 கோடி நியூட்டன். அத்தகைய மின்னூட்டம் ஒன்றைக் கொண்டுசென்று வைத்தால், அளக்க வந்த புலத்தை உண்டாக்கிய மின்னூட்டங்களே இடம்பெயர்ந்துவிடும். எனவே இயற்பியலார் மிகச் சிறிய சோதனை மின்னூட்டத்தை வைத்து, அது உணரும் விசையை அதன் மின்னூட்ட அளவால் வகுத்து, அம்மின்னூட்டம் சுழியை நெருங்கும்போது கிடைக்கும் எல்லை மதிப்பையே புலம் என்கின்றனர். 'ஓரலகு மின்னூட்டம் உணரும் விசை' என்பது ஒரு நிகழ்ச்சி. 'ஓரலகு மின்னூட்டத்திற்கான விசை' என்பது ஒரு விகிதம். வேறுபாடு முழுவதும் 'இற்கான' என்னும் ஈற்றில் அடங்கியிருக்கிறது.

வினைமுதல் மறைந்த வரையறை

ஈர்ப்பு நிலையழுத்தத்தின் வரையறையில் மறைவது உருபன்று, வினைமுதல். ஈறிலாத் தொலைவிலிருந்து ஓரலகு நிறையை ஒரு புள்ளிக்குக் கொண்டுவரச் செய்யப்படும் வேலை அப்புள்ளியின் நிலையழுத்தம் எனப்படுகிறது. 'செய்யப்படும்' என்னும் செயப்பாட்டுவினை, செய்பவர் யார் என்பதைக் கூறாமல் விடுகிறது. ஈர்ப்புவிசை தானே நிறையை இழுத்து வருகிறது. அது செய்யும் வேலை நேர்க்குறியுடையது. நிறை முடுகிவிடாதவாறு புறத்தே தடுத்துப் பிடித்து, மெல்ல நகர்த்தி வரும் விசை செய்யும் வேலை எதிர்க்குறியுடையது. நிலையழுத்தம் எனப்படுவது இரண்டாவது. புவிப்பரப்பில் அதன் மதிப்பு ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 6.25 கோடி ஜூல், எதிர்க்குறியோடு. அக்குறி எங்கிருந்து வந்தது என மாணவர் வினவினால், விடை வரையறையில் இல்லாத எழுவாயில் இருக்கிறது. 'முடுக்கமின்றிக் கொண்டுவரப் புறவிசை செய்யும் வேலை' என எழுதினால் போதும்.

இவ்விடத்தில் ஈழ வழக்கு ஒரு நன்மையைத் தருகிறது. தமிழகத்தில் வளியழுத்தம், மின்னழுத்தம் என இரு வேறு கருத்துகளுக்கும் 'அழுத்தம்' பொதுவாகிறது. இலங்கைப் பாடநூல்கள் முன்னதை அமுக்கம் என்றும் பின்னதை அழுத்தம் என்றும் பிரித்து வைத்துள்ளன. ஆயினும் இரு வழக்கும் சந்திக்கும் இடத்தில் வேறொரு மயக்கம் எழுகிறது. தமிழகத்தில் 'நிறை' என்பது பொருளின் அளவைக் குறிக்க, 'எடை' அதன்மீதான ஈர்ப்பு விசையைக் குறிக்கும். இலங்கையில் முன்னது 'திணிவு'. 'நிறை' என்பது தமிழகத்தார் எடை எனக் கூறுவதையே குறிக்கும். ஆகவே 'நிலவில் நிறை மாறாது' என்னும் ஒரே தொடர் ஒரு கரையில் மெய்யாகவும் மறுகரையில் பிழையாகவும் வாசிக்கப்படும். இருநாட்டு நூல்களையும் கலந்து தொகுக்கும் அகராதிகள், இச்சொல்லுக்கு நாட்டுக் குறிப்பின்றிப் பொருள் தருவது மயங்க வைத்தலாகும்.

அரை ஆயுள் ஆயுளின் அரையன்று

அணுக்கரு இயற்பியலில் மிகுதியாக வழங்கும் வரையறை அரை ஆயுட்காலத்தினுடையது. கதிரியக்கத் தனிமத்தின் அணுக்களில் பாதி சிதைவடைய ஆகும் காலம் என்பது அது. இத்தொடரைத் தமிழ் இலக்கணப்படி வாசிப்பவர் 'ஆயுளின் அரை' எனவே கொள்வர். அவ்வாறெனில் இரண்டு அரை ஆயுள் கழிந்ததும் எல்லாம் தீர்ந்துபோக வேண்டும். உண்மையில் நான்கில் ஒரு பங்கு எஞ்சும். மூன்றாவதன் முடிவில் எட்டில் ஒன்று எஞ்சும். 'பாதி' எனப்படுவது தொடக்கத்தில் இருந்ததில் பாதியன்று. எக்கணத்தில் எண்ணத் தொடங்கினாலும் அக்கணத்தில் எஞ்சியிருப்பதில் பாதி. இந்த அடை விடுபட்டால் வரையறை முதல் அரை ஆயுளுக்கு மட்டுமே பொருந்தும்.

'சராசரி ஆயுட்காலம்' என்னும் மற்றொரு கலைச்சொல் அருகிலேயே இருப்பது மயக்கத்தை வளர்க்கிறது. அரை ஆயுட்காலம் சராசரி ஆயுட்காலத்தின் பாதியன்று, அதன் 0.693 மடங்கு. மேலும் தனி அணுவொன்றைச் சுட்டி, அது எப்போது சிதையும் எனக் கூற இயலாது. ஓர் அரை ஆயுளுக்குள் அது சிதைவதற்கான நிகழ்தகவு பாதி என்று மட்டுமே கூறலாம். அணுவுக்கு முதுமை இல்லை. ஆயிரமாண்டு பிழைத்திருந்த அணுவும் இன்று தோன்றிய அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு ஒன்றே. ஆயுள் என்னும் சொல் உயிர்களிலிருந்து இரவலாக வந்தது. உயிர்களோடு வரும் மூப்பு அதனுடன் வரவில்லை.

'இன்று' என்பது எந்நாள்?

இவ்வரையறை தமிழியலாரின் கைக்கு நேரே வந்து சேரும் இடம் கரிமக் காலக்கணிப்பு. உயிர்ப்பொருள் இறந்தபின் அதிலுள்ள கரிமம்-14 சிதைந்து நைட்ரசன்-14 ஆகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு இறந்த காலம் கணிக்கப்படுகிறது. வில்லர்டு லிபியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1949இல் இம்முறையை நிறுவினர். 1960இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. லிபி பயன்படுத்திய அரை ஆயுட்காலம் 5568 ஆண்டுகள். பின்னர் நுட்பமாக அளந்தபோது அது 5730 ஆண்டுகள் எனத் தெரிந்தது. இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ மூன்று விழுக்காடு.

எளிதில் நம்பவியலாத செய்தி இதன்பின் உள்ளது. ஆய்வகங்கள் வெளியிடும் மரபுவழிக் கரிம வயது இன்றளவும் லிபியின் பழைய மதிப்பைக் கொண்டே கணிக்கப்படுகிறது. முன்பு வெளியான முடிவுகளோடு ஒப்பிட இயல வேண்டும் என்பதற்காக அறிஞர்கள் அறிந்தே செய்துகொண்ட உடன்பாடு இது. அவ்வயது 'இன்றைக்கு முன்' எனக் குறிக்கப்படுகிறது. அவ்'இன்று' 1950ஆம் ஆண்டு. எனவே மரபுவழிக் கரிம வயது என்பது நாட்காட்டி ஆண்டன்று. ஒரு குறிப்பிட்ட அரை ஆயுளையும், வளிமண்டலத்தில் கரிமம்-14இன் விகிதம் என்றும் மாறவில்லை என்னும் எடுகோளையும், 1950 என்னும் தொடக்கப் புள்ளியையும் வரையறையிலேயே கொண்ட ஓர் அளவு அது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆய்வக அறிக்கை 2500 எனக் கூறுகிறது எனக் கொள்வோம். 2020இல் எழுதும் ஒருவர் அதனைத் தம் காலத்திலிருந்து கழித்தால் கி.மு. 5ஆம் நூற்றாண்டைப் பெறுவார். 1950இலிருந்து கழித்தால் கி.மு. 6ஆம் நூற்றாண்டு கிடைக்கும். இரண்டும் சரியன்று. வளிமண்டல விகிதம் காலந்தோறும் மாறியதால், மர வளையங்கள் முதலியவற்றைக் கொண்டு அமைக்கப்பட்ட அளவுத்திருத்த வளைகோட்டின் வழியாகவே அவ்வெண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். அரை ஆயுள் வேறுபாட்டுக்காக 2500ஐ மூன்று விழுக்காடு கூட்டிக்கொள்பவர் இன்னொரு பிழையைச் சேர்க்கிறார். வளைகோடு பழைய மரபின் எண்ணை ஏற்கும்படியே அமைந்திருப்பதால் திருத்தம் அதனுள் அடங்கிவிடுகிறது.

கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில் அவ்வளைகோடு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அதாவது, நானூறு ஆண்டு இடைவெளியுள்ள பொருள்களும் நெருங்கிய கரிம வயதையே காட்டக்கூடும். ஆகவே இக்காலப் பகுதிக்குரிய மாதிரிக்கு ஒற்றை ஆண்டு தருவதைவிட வீச்சைத் தருவதே பொருந்தும். தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கையின் வழி பரவலாக அறியப்பட்ட கி.மு. 580 என்னும் ஆண்டு இத்தட்டைப் பகுதிக்குள்ளேயே விழுகிறது. அவ்வாண்டை மேற்கோள் காட்டும் இலக்கிய வரலாற்றுக் கட்டுரைகள் அதனுடன் இணைந்த வீச்சையும் நம்பக அளவையும் விடாது எழுதுதல் வேண்டும். சங்க இலக்கியக் காலம், தமிழி எழுத்தின் தொன்மை போன்ற வழக்குகளில் ஒரு நூற்றாண்டு முன்பின்னாவது சிறு செய்தியன்று. வீச்சைக் கூறுவது சான்றை வலுவிழக்கச் செய்யும் என்னும் அச்சம் சில எழுத்துகளில் தென்படுகிறது. கூறாது விட்ட வீச்சைப் பிறர் எடுத்துக் காட்டும்போதே சான்று வலுவிழக்கிறது.

பிணைப்பாற்றல்

அணுக்கருவைப் புரோட்டான்களாகவும் நியூட்ரான்களாகவும் முற்றும் பிரிக்கத் தேவையான ஆற்றலே பிணைப்பாற்றல். தொகைச்சொல்லோ 'பிணைக்கின்ற ஆற்றல்' என விரிந்து, கருவுக்குள் பசைபோல் ஓர் ஆற்றல் தேங்கியிருப்பதாகத் தோற்றுவிக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிரானது. ஹீலியம்-4 கருவின் நிறை, அதன் நான்கு துகள்களையும் தனித்தனியே நிறுத்த கூட்டுத்தொகையைவிட 0.0304 அணுநிறை அலகு குறைவு. அக்குறைவுக்கு ஈடான 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், கரு உருவானபோதே வெளியேறிவிட்டது. கிணற்றின் அடியில் கிடக்கும் கல்லை மேலே கொணர எவ்வளவு வேலை வேண்டுமோ, அது கல்லுக்குள் இருப்பதன்று. கிணற்றின் ஆழத்தைக் காட்டுவது. பிணைப்பாற்றலும் அத்தகைய ஆழமே. இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் அருகில் ஒரு துகளுக்கான ஆழம் மிகுதி, ஏறத்தாழ 8.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இலேசான கருக்கள் இணைந்தும் கனமான கருக்கள் பிளந்தும் ஆற்றலை வெளியிடுவது, இரு திசையிலிருந்தும் அவ்வாழத்தை நோக்கி இறங்குவதாலேயே. 'நிறைக் குறைபாடு' என்னும் சொல்லில் உள்ள 'குறைபாடு' ஊனத்தைக் குறிப்பதுபோல் ஒலிப்பதும் ஓர் இடையூறு. 'நிறைக்குறைவு' என்பதே போதும்.

அண்டவியலில் உவமைச் சொற்கள்

அண்டவியல் கலைச்சொற்களில் பெரும்பாலானவை உவமைகள். பெருவெடிப்பு என்பதன் மூலத்தொடர், அக்கொள்கையை ஏற்காத பிரெட் ஹொயில் 1949இல் வானொலி உரையொன்றில் கூறியது. தமிழில் வெடிப்பு என்பது வெடித்துச் சிதறலையும் வறண்ட நிலத்தின் பிளவையும் குறிக்கும். இரண்டும் ஏற்கெனவே உள்ள ஓரிடத்தில் நிகழ்பவை. அண்டவியல் கூறுவது வெளியே விரிவடைந்த நிகழ்வை. அதற்கு மையம் இல்லை. அது நிகழ்ந்த இடம் என ஒன்றைச் சுட்டவும் முடியாது. 'கரும்பொருள்' என்பதில் இரு சிக்கல்கள். அப்பொருள் ஒளியை விழுங்கிக் கறுத்துத் தோன்றுவதன்று, ஒளியோடு உறவே கொள்ளாதது. ஊடுருவக் காணத்தக்கது என்றால் இன்னும் பொருந்தும். மற்றொன்று, திணைக்குரிய 'கருப்பொரு'ளை அறிந்த வாசகரிடம் ஒரு மெய்யெழுத்தின் வேறுபாட்டை நம்பியிருப்பது. ஒளியாண்டு தன் ஈற்றில் ஆண்டைக் கொண்டும் ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர் தொலைவைக் குறிப்பதால், 'பல ஒளியாண்டுகளுக்கு முன்' என எழுதுவோர் இன்றும் உளர்.

செம்பெயர்ச்சியின் வரையறை சற்றே நின்று நோக்கத்தக்கது. ஒளி சிவப்பாக மாறுதல் எனச் சொல்லிலிருந்து பொருள் கொள்வது இயல்பு. வரையறை கூறுவதோ, பெறப்பட்ட அலைநீளத்துக்கும் உமிழப்பட்ட அலைநீளத்துக்கும் உள்ள வேறுபாட்டை உமிழப்பட்ட அலைநீளத்தால் வகுத்த எண். ஹைட்ரசனின் சிவப்பு நிறமாலைக் கோடு 656.3 நானோமீட்டர், செம்பெயர்ச்சி 1 எனில் அது 1312.6 நானோமீட்டரில் பெறப்படும், அதாவது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பில். சிவப்பு, சிவப்பிலிருந்தே விலகிச் செல்லும் பெயர்ச்சி இது. பேரண்ட அளவில் இவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டினால், ஒளி புறப்பட்டபின் பேரண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்பது கிடைக்கும். அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு, பெருவெடிப்பிலிருந்து ஏறத்தாழ 3.8 இலட்சம் ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டது. அன்றிலிருந்து வெளி ஏறத்தாழ 1100 மடங்கு விரிந்ததால் இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின்.

விண்மீன் திரள்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன என்பதை லெமைத்ர் 1927இலும் ஹபிள் 1929இலும் வெளியிட்டனர். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2018இல் இவ்விதிக்கு இருவர் பெயரையும் பரிந்துரைத்தது. வேகத்தைத் தொலைவால் வகுக்கக் கிடைப்பது ஹபிள் மாறிலி. மாறிலி என்றதும் காலத்தால் மாறாதது எனக் கொள்ளப்படுகிறது. அது இடத்தால் மட்டுமே மாறாதது. ஒரே காலத்தில் எத்திசையில் நோக்கினும் ஒன்று. காலத்தால் அது குறைந்து வந்துள்ளது. எனவே மாறும் அளவுக்கு ஹபிள் அளவுரு என்றும், அதன் இன்றைய மதிப்புக்கு மட்டும் ஹபிள் மாறிலி என்றும் பெயர். குறியீட்டின் அடியில் எழுதப்படும் சுழி இந்த 'இன்றைய' என்னும் அடையையே சுமக்கிறது. தமிழ் வரையறைகளில் அடிக்கடி விடுபடுவதும் அதுவே. பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து அதன் மதிப்பு ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர் எனவும், மீவிண்மீன் வெடிப்புகளையும் துடிவிண்மீன்களையும் கொண்டு ஏறத்தாழ 73 எனவும் கிடைக்கிறது. இவ்வேறுபாடு இன்னும் தீரவில்லை. முன்னது இளம் பேரண்டத்தின் தரவிலிருந்து ஒரு கோட்பாட்டின் வழி இன்றைக்குக் கணித்துப் பெறப்படுவது. பின்னது அண்மை விண்வெளியில் நேரே அளந்து பெறப்படுவது. 'இன்றைய' என்னும் அடை இல்லாத வரையறையைக் கையில் வைத்திருக்கும் வாசகருக்கு, அறிஞர்கள் எதைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதே விளங்காது.